சாகாத செல்லுக்கு ஒரு தீர்மானம்

உலகில் சங்கங்கள் பல உண்டு. ஆனால் அறிவியலை வாக்கெடுப்புக்கு விட்ட பெருமை, 1965-இல் மலேசியாவின் மலாக்கா நகரில் இருந்த கஜா பெராங் அறிவொளிச் சங்கத்துக்கே உரியது. அதன் செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு இதைச் சொல்கிறேன்.

எங்கள் தலைவர் சேதுபதி, வெள்ளைக்காரன் காலத்தில் ‘தற்காலிகமாக’ப் பொறுப்பேற்றவர். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்காரன் போய்விட்டான். தலைவர் அவ்வளவு பொறுப்பற்றவர் அல்லர்.

சங்கத்தின் பின்னறையில் சாரதாம்பாள் டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்து வந்தார். அந்த அறை தலைவருக்கு ‘நிரந்தர அலுவலக’மாகத் தேவைப்பட்டது. வகுப்பால் என்ன பயன் என்று விளக்கும்படி செயற்குழு டீச்சரை அழைத்தது. அவர் மைக்ரோஸ்கோப்பையும் ஒரு தலைப்பிரட்டையின் வாலையும் கொண்டுவந்தார்.

“தவளை ஆகறப்போ இந்த வால் தானா மறைஞ்சிடும். வால்ல உள்ள செல்லெல்லாம் முறைப்படி சாகுது. செல்லு சுருங்கும். உள்ளே இருக்கிற டி.என்.ஏ. கட்டிதட்டி, துண்டு துண்டா உடையும். மிச்சத்தைப் பக்கத்துச் செல்லு தின்னுடும். வீக்கமில்லை, சீழில்லை” என்றார்.

பொருளாளர் நல்லையா குனிந்து பார்த்தார். “சாகச் சொல்லி யாரு டீச்சர் ஆர்டர் போட்டது?”

“உடம்பே போடுது. வேலை முடிஞ்சா செல்லு கேட்டு நடக்குது. டி.என்.ஏ.வை எது நறுக்குதுன்னுதான் இன்னும் கண்டுபிடிக்கலை.”

யாரும் தலைவரைப் பார்க்கவில்லை. அதற்கு மிகுந்த முயற்சி தேவைப்பட்டது.

தலைவர் செருமினார். “ஆர்டர் வந்தும் போகாத செல்லு இருக்கா?”

“இருக்குங்க தலைவரே. அதுக்கு டி.என்.ஏ. உடையாது. சாகாம, இடத்தையும் விடாம, பெருகிக்கிட்டே இருக்கும்.”

தலைவர் முகம் மலர்ந்தது. நல்லையா சட்டென எழுந்தார்.

“நம்ம தலைவரும் அந்தச் செல்லு மாதிரியே இருக்கணும்லா. முன்மொழியறேன்.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன, என் கையும்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

“அந்தச் செல்லுக்குப் பேரு என்ன டீச்சர்? தீர்மானத்துல எழுதணும்” என்றேன்.

“புற்றுநோய்.”

தலைவர் அன்றே பின்னறையைப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் அழுதார்கள். டீச்சர் அழவில்லை, மைக்ரோஸ்கோப்பை அணைத்துக்கொண்டு நடந்தார். மாணவி கோகிலாவின் அப்பா ஜாலான் பெண்டஹாரா தெருவில் இருந்த தம் துணிக்கடை மாடியைக் கொடுத்தார். வகுப்பு அங்கே தொடர்ந்தது, பிள்ளைகளும் கூடினார்கள்.

நல்லையா என்னைத் தனியே அழைத்து, “அந்தத் தீர்மானத்தை மட்டும் அடிச்சிடுங்க” என்று கெஞ்சினார். ஒருமனதாக நிறைவேறியதை அடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

தவிர, எங்கள் செயற்குழு இதுநாள்வரை போட்ட தீர்மானங்களில் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.