பச்சைப் புள்ளி வைத்த வாட்டர் பம்ப்

என் கண்ணை நான் அளவுக்கு மீறி நம்பியவன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அப்போது பதினோரு வருடமாகத் தர ஆய்வாளன். வருகிற பாகத்தை எடுத்து, திருப்பி, அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பெயின்ட் பேனாவால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்பு. நான் பச்சை வைத்த எதுவும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையைத் தொழிற்சாலை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். (தக்காளியைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். என் மனைவி எஸ்தர் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள்.)

மைத்துனி ரூபியின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஏழு பேர் உட்காரும் பழைய கார் ஒன்றை வாங்கினேன். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. கல்யாணப்பெண் நம் வீட்டு வண்டியில்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு. எஞ்சினில் எதை மாற்றுவது, எதை விடுவது என்று முடிவு செய்ய, பிம்ப்ரியில் தத்தா என்ற மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன்.

தத்தாவுக்குப் பேச்சு கம்மி. டைமிங் பெல்ட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, இந்தியில் சொன்னார்.

"சாப், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட். நாலையும் மாத்திடுங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

நான் சும்மா இருப்பேனா? வெர்னியர் அளவுகோல், டார்ச், பெயின்ட் பேனா எல்லாம் கொண்டுபோயிருந்தேன். மதியம் வரை அந்த எஞ்சினைப் பரிசோதித்தேன். ஆயில் மூடி வெளுத்திருந்தது: சிவப்பு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் கைப்பிடியில் கீறல்: சிவப்பு. எஞ்சின் மேல் இருந்த பிளாஸ்டிக் கவரில் விரிசல்: சிவப்பு. (அந்தக் கவர் இல்லாமலேயே வண்டி ஆயுசுக்கும் ஓடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.) வாட்டர் பம்பைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. ஆட்டம் இல்லை, கசிவு இல்லை, சத்தம் இல்லை. தத்தாவின் முகத்துக்கு நேராகவே அதில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தேன்.

"சாப், இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வயசான பம்ப். புது பெல்ட்டோட இழுப்பை எத்தனை நாள் தாங்கும்? எப்படியும் பெல்ட்டைக் கழட்டியாச்சு, இப்பவே மாத்திட்டா ஒரே வேலை."

"குறையே இல்லாத பாகத்தை எதுக்கு மாத்தணும்? குறை எங்கன்னு காட்டுங்க, மாத்திடறேன்."

தத்தா கையைத் துடைத்துக்கொண்டார். "ஆப்கி மர்ஜி, சாப்." உங்கள் இஷ்டம் என்று அர்த்தம். மெக்கானிக் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் உடனே காலில் விழுந்துவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பம்பைத் தவிர தத்தா சொன்ன மூன்றையும், நான் சிவப்பு வைத்த அத்தனையையும் மாற்றி வண்டி வெளியே வந்தபோது எஞ்சின் பளபளவென்று இருந்தது. அந்தத் தைரியத்தில் நேராகத் தாபோடிக்குப் போய் மாமனாரைப் பார்த்தேன். தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இயந்திரம் தெரிந்த மனிதர்.

"மாப்ள, டிராவல்ஸ்ல ஒரு காருக்குச் சொல்லி வச்சிருக்கேன். அது பாட்டுக்கு வந்து நிக்கட்டும்."

"எதுக்கு மாமா? இது நான் செக் பண்ணுன வண்டி. அதைக் கேன்சல் பண்ணிருங்க."

மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாது என்று, பாவம், கேன்சல் பண்ணிவிட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு எஸ்தர் பார்க்கிங்கிலிருந்து வந்தாள். "ஏங்க, வண்டிக்குக் கீழ பச்சையா என்னமோ சொட்டுது."

"ஏசி தண்ணியா இருக்கும்."

"ஏசி தண்ணி பச்சையாவா இருக்கும்?"

பச்சை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தானாக ஒரு நிம்மதி வந்துவிடும். பதினோரு வருடப் பழக்கம். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கல்யாணம் கட்கியில் இருக்கும் சர்ச்சில், பத்து மணிக்கு. அதே சர்ச்சில் பன்னிரண்டு மணிக்கு வேறு ஒரு கல்யாணம் இருந்தது. "பத்தரைக்குள்ள பொண்ணு உள்ள வரலைன்னா, சாயங்காலம் நாலு மணிக்குத்தான்" என்று போதகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முந்நூறு பேருக்குப் பிரியாணி தம்மில் இருந்தது.

தாபோடி வீட்டில் திருநெல்வேலிச் சொந்தங்கள் நிரம்பி வழிந்ததால், ரூபி எங்கள் ஃப்ளாட்டில்தான் அலங்காரம் செய்துகொண்டாள். வெள்ளைப் பட்டு, தலையில் நெட், கையில் பூச்செண்டு. ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். காசர்வாடியைத் தாண்டியதும் ஒரே நெரிசல். வண்டி அங்குலம் அங்குலமாக நகர, டெம்பரேச்சர் முள் மேலே ஏற ஆரம்பித்தது.

"அத்தான், அந்த முள்ளு ஏறுது" என்றாள் ரூபி.

"சிவப்புக் கோட்டைத் தொடலை இல்ல? அப்ப ஓகே."

தாபோடிப் பாலத்தின் வாயில் முள் சிவப்பைத் தொட்டது. கூடவே 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பி, முன்னால் கட்டியிருந்த ரோஜாமாலையை எங்கள் கண்முன்னே அவித்தது. மணி பத்து ஐந்து. பின்னால் இருந்த அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. போனில் புக் செய்த டாக்ஸிகள் ஒவ்வொன்றாகக் கேன்சல் ஆயின. எஸ்தர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ரூபி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. தினமும் லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகிறவள். போனைப் பார்த்தாள்.

"இன்னும் எட்டு நிமிஷத்துல லோக்கல் வருது. கட்கி அடுத்த ஸ்டேஷன்தான். அக்கா, வா."

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். கையில் செருப்பும் பூச்செண்டுமாக எஸ்தர் பின்னால் ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"நீங்க வண்டியப் பாத்துக்கிடுங்க" என்றாள் எஸ்தர் திரும்பாமலே. அந்தக் குரலில் வண்டியும் நானும் ஒரே ஜாதி ஆகிவிட்டோம்.

ஐந்து நிமிடம் கழித்து, நெரிசலை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் ஓடிவந்தான். கோட்டு சூட்டு, சட்டையில் பூ. மாப்பிள்ளை டேனியல்! என் வண்டி உண்டாக்கிய நெரிசலில் நாற்பது வண்டி பின்னால் அவன் கார் மாட்டியிருந்தது. அவன் கண்ணில் பட்டது: பூ ஜோடித்த என் கார், திறந்த பானெட், தனியாக நிற்கும் நான்.

"அண்ணே, ரூபி எங்க?"

"ரயில்ல போயிட்டா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "யாரோட?"

"எஸ்தரோட! சர்ச்சுக்குத்தான்டே!"

அதற்குப் பிறகு அவன் நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் வந்த ஒருவரின் பைக்கை மறித்து, அதைத் திருப்ப வைத்து, ஏறிப் போனான். பத்து இருபத்தைந்துக்கு ரூபி சர்ச் வாசலில் நின்றாளாம். லேடீஸ் பெட்டியில் இருந்த பெண்கள் அவள் புடவை தரையில் படாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கட்கியில் கைதட்டி இறக்கிவிட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை அவளுக்கு இரண்டு நிமிடம் கழித்து, தலை கலைந்து வந்து சேர்ந்தான். நான் போனபோது பிரியாணிதான் மிச்சம் இருந்தது.

மறுவாரம் தத்தா பம்பைக் கழற்றினார். சீல் போய், பேரிங் உடைந்து, அச்சு கடகடவென்று ஆடியது. எஸ்தர் பார்த்த பச்சைச் சொட்டு, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் அந்த சீல் வழியாக ஒழுகியதுதான். சூட்டில் சிலிண்டர் ஹெட்டும் வளைந்திருந்தது. பம்பைத் துணியில் துடைத்து என் கையில் வைத்தார்.

"சாப், உங்க புள்ளி மட்டும் அப்படியே இருக்கு. நல்ல பெயின்ட்."

வெட்கத்தில் செத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பதினோரு வருடமாக நான் பார்த்ததெல்லாம் அன்றைக்குப் பிறந்த பாகங்கள். உழைத்துத் தேய்ந்த பாகம் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. இப்போது நன்றாக இருக்கிறதா என்று சொல்லத் தெரியும். இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்கவே தெரியாது. மாற்ற வேண்டியதை எல்லாம் இப்போது தத்தா சொல்கிறார், நான் தலையாட்டுகிறேன். ஆயில் மூடி மட்டும் இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது.

வீட்டில் இந்தக் கதைக்குச் சாவே இல்லை. ரூபி தன் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்த லோக்கல் டிக்கெட்டை ஒட்டி, ஓரத்தில் பச்சைப் புள்ளி வைத்திருக்கிறாள். போன மாதம் மாமனாருக்கு லேசாக நெஞ்சு வலி. எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, ஒன்றும் இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். கட்டில் ஓரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா..." என்று ஆரம்பித்தேன்.

மனிதர் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார்.

"டாக்டர் சொல்லிட்டாரு மாப்ள, அது போதும். நீங்க ஒருவாட்டி ஓகேன்னு சொல்லிராதீங்க."