பத்து செகண்ட் அண்ணாச்சியும் பாஞ்சாலங்குறிச்சியும்

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வருகிற எந்தக் கப்பலுக்கும் ஒரு கேப்டன்தான். ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு நான்கு கேப்டன்களைப் போட்டு, நான்கு பேரையும் சண்டையில்லாமல் வைத்திருப்பேன் என்று கிளம்பிய மனிதர் இந்தக் கடற்கரையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பத்து செகண்ட் அண்ணாச்சி.

ஏற்றுமதிச் சரக்குக்குக் காகிதம் தயார் செய்து கொடுக்கிற ஒரு சின்ன ஆபீசில் சில வருடங்களுக்கு முன் நான் குமாஸ்தா. முதலாளி அறையில் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் அவர் சீட்டு விளையாடுவார். வேலை பார்க்கிறவர்களுக்கு மூலையில் பழையது ஒன்று. நான், முருகன், பாக்கியம் அக்கா மூன்று பேரும் அதை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோம். அண்ணாச்சிக்கு அங்கே என்ன உத்தியோகம் என்று முதலாளிக்கே சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரோ, ஜெராக்ஸ் மிஷினோ, மின்விசிறியோ எது நின்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் தொட்ட பிறகு சில ஓடும்.

பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் மூச்சு வாங்குகிறது என்று அதைத் தூக்கிவிட்டு, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டார். ஒன்றோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆளுக்கொரு லினக்ஸ் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர் வைத்தார். பாஞ்சாலங்குறிச்சி அவருடைய சொந்த லினக்ஸ். வருடக்கணக்காகச் செதுக்கியது, வெளியிலிருந்து யார் சொன்னாலும் கேட்காது. விளாத்திகுளம் முருகனுடையது. அவன் வேலை நேரத்தில் கிரிக்கெட் பார்க்கிறான் என்பதால் அதில் படமும் கிடையாது, மவுஸும் கிடையாது. வறண்ட கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. ஏரல் என்னுடையது. புன்னைக்காயல், பாக்கியம் அக்காவுக்கு. அவர் வாழ்க்கைப்பட்ட ஊரும் அதுதான். சர்க்கரை நோயால் அக்காவுக்குப் பார்வை மங்கிப்போயிருந்தது. அதனால் அதில் ஒவ்வொரு எழுத்தும் கொழுக்கட்டை அளவு இருக்கும்.

“அண்ணாச்சி, ஒரே லினக்ஸ்ல ஆளுக்கொரு யூசர் போட்டா போதாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஏலே, கூட்டுக் குடும்பத்துல ஒருத்தன் கொழம்புல உப்பக் கூட்டுனா அத்தன பேரும்லா திங்கணும். நீ எதையாவது ஒடச்சுப் போடுவே, பாக்கியம் வேல நிக்கும். அதான் ஆளுக்கொரு வீடு.”

“ஆனா தெருவாசல் ஒண்ணுதான?”

அண்ணாச்சி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, டீ வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போய்விட்டார்.

நான் சொன்ன தெருவாசல்தான் பூட் லோடர். பட்டனை அமுக்கியதும் கறுப்புத் திரையில் ஊர்ப்பெயர்களை வரிசையாகக் காட்டுவது அதன் வேலை. அம்புக்குறியால் இறங்கி உங்கள் ஊரில் நின்று எண்டர் தட்ட வேண்டும். பத்து செகண்டுக்குள் தட்டாவிட்டால் முதல் ஊருக்குள் அதுவே போய்விடும். அண்ணாச்சி இந்தச் சட்டத்தை ஊர் முழுக்க அமல்படுத்தினார். புரோட்டாக் கடையில் “ஏலே, பொரிச்சதா, வெறும் புரோட்டாவா?” என்பார். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பத்து செகண்ட் முடிந்து, பொரிச்சது இலையில் விழுந்திருக்கும். பெண் பார்க்கப் போன இடத்திலும் மனசுக்குள் பத்து எண்ணினாராம். “அவ மூணுலயே சரின்னுட்டா. இல்லன்னா எந்திரிச்சு வந்திருப்பேன்” என்பார். சுத்தப் பொய். அந்தக் காலத்தில் அவர் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு லினக்ஸும் தெருவாசல் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கும். கடைசியாக வந்தது எதுவோ, அது சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும். அதனால் சாவி பாஞ்சாலங்குறிச்சியிடம் மட்டும்தான் என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு. மற்ற ஊர்களில் ஏதாவது புதுப்பித்தால், பாஞ்சாலங்குறிச்சிக்குள் போய் ஒரு கட்டளை கொடுத்துப் பட்டியலைத் திரும்ப எழுத வேண்டும். அதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுகிற நேரத்தில்தான் செய்வார். புகைக்கு நடுவே நாங்கள் மூன்று பேரும் கைகட்டி நிற்போம். திரையில் ஒவ்வொரு லினக்ஸாகக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்ல, “வெளாத்திகொளம் வந்தாச்சு, ஏரல் வந்தாச்சு, புன்னக்காயல் வந்தாச்சு” என்று உரக்கச் சொல்வார். பாக்கியம் அக்கா சிலுவை போட்டுக்கொள்வார். முருகன் இருமுவான்.

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்த மனிதருக்கு ஓர் ஆயுத பூஜை அன்று கை அரித்தது. அன்று கருவிகளுக்கு ஓய்வு. கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீபோர்டு மேல் பொரியைக் கொட்டிவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். நல்ல நாளில் புதுசாக ஒன்று தொடங்கலாமே என்று அவர் மட்டும் இருந்து, பொரியைத் துடைத்துவிட்டு, ஐந்தாவதாகத் திருச்செந்தூர் என்று ஒரு லினக்ஸைப் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் பட்டியலைக் காணோம். கம்ப்யூட்டர் நேரே திருச்செந்தூருக்குள் போய் நின்றது. புது வீடு, உள்ளே ஒரு பாய்கூடக் கிடையாது. அன்று மத்தியானத்துக்குள் ஒரு கருவாட்டுக் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். அதன் காகிதங்கள் முழுவதும் பாக்கியம் அக்காவின் புன்னைக்காயலுக்குள் இருந்தன.

“என்னவே செஞ்சீரு?” என்றார் முதலாளி.

“நல்ல நேரம் முடியப் போவுதுன்னு பக்கம் பக்கமா நெக்ஸ்ட் நெக்ஸ்ட்டுன்னு அமுக்கிட்டேன் மொதலாளி. அதுல ஒரு பக்கத்துலதான் பூட் லோடர எங்கன வைக்கன்னு கேட்டுருக்கு. வீடெல்லாம் அப்படியேதான் இருக்கு. வாசல்ல போர்டத்தான் காணோம்.”

“கருவாட்டுக்குப் போர்டு எதுக்குவே? அது இருக்குத எடம் ஊருக்கே தெரியும்.”

ஆபத்துக்கு என்று ஒரு பென் டிரைவில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தார் அண்ணாச்சி. அதை எடுத்துச் செருகினால் சரஸ்வதி துதி பாடியது. பூஜைக்கு வேண்டும் என்று அவர் வீட்டுக்காரம்மா அதில் பக்திப் பாடல் ஏற்றியிருந்தார். வேறு வழியில்லாமல் திருச்செந்தூருக்குள்ளேயே உட்கார்ந்து நோண்டினார். “புதுசா வார லினக்ஸ்கிட்ட, பக்கத்துல இருக்குத மத்தவனத் தேடாதன்னு சொல்லியே அனுப்புதானுவ. அந்த வரிய மாத்தணும்” என்று முனகிக்கொண்டே மாற்றினார். சாம்பிராணி இல்லாமல் கட்டளை கொடுத்தார். பட்டியல் திரும்ப வந்தது. ஆனால் வரிசை மாறியிருந்தது, ஒரு வரியிலும் ஊர்ப்பெயர் இல்லை. வெறும் ஆங்கிலமும் நம்பரும்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்த அண்ணாச்சி, “ஒக்காருளா பாக்கியம், ஒன் வீட்டத் தொற” என்றார்.

அக்கா உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவே இல்லை. கீழ் அம்புக்குறியை மூன்று தரம் அமுக்கி எண்டர் தட்டினார். விளாத்திகுளத்தின் கறுப்புத் திரை வந்து நின்றது.

முதலாளி மறுபடியும் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். பட்டியல் வந்தது. “ஏளா, அங்கன என்ன எழுதியிருக்கு, வாசி.”

அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். “வரி வரியா இருக்கு மொதலாளி” என்றார் மெதுவாக.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கொழுக்கட்டை எழுத்தெல்லாம் உள்ளே போன பிறகுதான். வாசலில் இருக்கிற பட்டியலில் எழுத்து கடுகு போல இருக்கும். இத்தனை நாளும் அக்கா எண்ணி எண்ணியே தன் வீட்டுக்குள் போயிருக்கிறார். அண்ணாச்சியின் முகம் செத்துப்போனது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணாச்சியே புன்னைக்காயலைத் தேடித் திறந்து கொடுத்து, காகிதத்தை எடுத்துக்கொண்டு முருகன் பைக்கில் பறந்தும் பிரயோஜனமில்லை. கப்பல் போய்விட்டது. கருவாடு வெயிலில் நின்று ரோடு முழுக்க எங்கள் ஆபீசின் புகழைப் பரப்பியது.

முதலாளி தீர்ப்பு சொன்னார். “திங்கக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு வையும். அதுல வேல பாக்க முடிஞ்சவங்க இருக்கட்டும். முடியாதவங்க வீட்ல ஓய்வா இருக்கட்டும்.”

ஓய்வு என்று அவர் யாரைச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து கடலுக்குப் போவதை விட்டு வெகுநாளாகிவிட்டது. அந்த வீட்டில் அடுப்பெரிவது அக்காவின் சம்பளத்தில்தான்.

அந்த வாரம் முழுக்க முருகன், கிரிக்கெட் பார்க்க வசதியாக என் ஏரலை வைக்கச் சொல்லி அண்ணாச்சிக்குத் தினம் வடை வாங்கிக் கொடுத்தான். அவர் வடையைத் தின்றார், வாய் திறக்கவில்லை. எப்படியும் தன் பாஞ்சாலங்குறிச்சியைத்தான் வைத்துக்கொள்வார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பெற்ற பிள்ளையைக்கூட அந்த மனிதர் அப்படிச் சீராட்டியதில்லை.

திங்கட்கிழமை பட்டனை அமுக்கினால் பட்டியலே இல்லை. காத்திருப்பும் இல்லை. நேரே கொழுக்கட்டை எழுத்து வந்து நின்றது. திரைக்கு நாலு வரிதான் தெரியும். முருகன் தலையில் கை வைத்துக்கொண்டான். பாக்கியம் அக்கா உட்கார்ந்து, நின்றுபோன கருவாட்டுக்கு மறு காகிதத்தை மளமளவென்று அடித்து முடித்தார்.

முதலாளி வந்து பின்னால் நின்றார். சண்டைக்குத்தான் வந்தார். சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடியவர் பாதியில் கையை எடுத்துவிட்டார். உதடு அசைய முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார்.

“ஏவே” என்றார் அண்ணாச்சியிடம், குரலைத் தணித்து. “எனக்கும் இதே மாரி ஒண்ணு போட்டுக் குடும்.”

அதற்குப் பிறகு ஓய்வைப் பற்றி அந்த ஆபீசில் பேச்சே எழவில்லை.

மத்தியானம் டீக்கடையில் நான் அண்ணாச்சியிடம் கேட்டேன். “ஒங்க பாஞ்சாலங்குறிச்சி?”

“அழிச்சுட்டேன்.”

“வீட்ல ஒரு காப்பி வச்சுக்கிட்டாவது அழிச்சிருக்கலாம்லா?”

“கோட்டைய வெள்ளக்காரன் இடிச்சான், நானும் ஒருக்கா இடிச்சுப் பாத்தேன், விடுலே” என்றார். “அவ மூணு தரம் அமுக்கினத நான் பக்கத்துல நின்னு எத்தன நாளு பாத்திருக்கேன். எதுக்கு அப்படி எண்ணுதான்னு எனக்குத் தோணவே இல்ல பாத்தியா. இனி அவ எதையும் எண்ண வேண்டாம். பட்டன அமுக்குனா அவ வீடு.”

இப்போது நான் வேறு ஊரில், வேறு கம்பெனியில் இருக்கிறேன். ஆளுக்கொரு புது லேப்டாப். திறந்தால் கண் சிமிட்டுவதற்குள் வேலைக்குத் தயார். கேட்காமலே என் ஏரலை அழித்ததற்காக அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஆனால் பார்வை மங்குகிற வயது எனக்கு வரும்போது, பக்கத்து நாற்காலியில் அவர் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.