பன்னிரண்டு ஸ்லைட்டில் ஒரு புல்வெளி

வீட்டுப் பின்வளவில் புல் வளர்ப்பதென்று கேதீஸ்வரன் தன் ஐம்பத்து நான்காவது வயதில் முடிவெடுத்தார். தனியாக முடிவெடுத்துப் பழக்கமில்லாதபடியால், இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லாமல் திரிந்தார்.

சிட்னியின் நார்த்மீட் பகுதியில் அவருடைய இடப்பக்கத்து வீட்டிலும் புல், வலப்பக்கத்து வீட்டிலும் புல். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வீட்டுக்காரரும் அதில் கதிரை போட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருப்பார்கள். கேதீஸ்வரனின் வளவில் கதிரை போட இடமில்லை. அங்கே கத்தரி நின்றது. பாகல் நின்றது. புடோலங்காய்ப் பந்தல் நின்றது. நடுவில் வாளியோடு அவர் நின்றார்.

எல்லாம் மனைவி நிரஞ்சினியின் பயிர். விதை போடுவது அவள். கொத்துவதும் எருப்பசளை சுமப்பதும் தண்ணீர் விடுவதும் அவர். இந்தப் பிறவியில் நான் என்னத்தைக் கண்டேன் என்று பாகற்பந்தலுக்குக் கீழே நின்று அடிக்கடி யோசிப்பார். விடை வருவதற்குள் வாளி நிரம்பிவிடும்.

நிரஞ்சினியை வாயால் வெல்ல முடியாதென்பது கல்யாணமான முதல் கிழமையே தெரிந்த விஷயம். ஆனால் அலுவலகத்தில் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். மனேஜர் எவ்வளவு மொக்குக் கதை சொன்னாலும், அதைப் படத்தோடு பவர்பொயின்றில் போட்டுச் சொன்னால் ஒருவரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. எல்லாரும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போய்விடுவார்கள்.

மகள் கஜந்தி யுனிவர்சிட்டிப் பிள்ளை. வெப்பில் படம் தேடி, சேமித்து, ஸ்லைட்டில் சொருகுவது எப்படியென்று பத்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்தாள். எழும்பிப் போகும்போது, படம் எங்கேயிருந்து வந்ததென்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னாள். கேதீஸ்வரன் ஓம் என்றார். பார்க்கவில்லை. மாம்பழம் வாங்குகிறவன் மரத்தையா விசாரிக்கிறான்?

‘இப்போது’ என்ற தலைப்புக்கு, துருப்பிடித்த தள்ளுவண்டியும் ஆளுயரப் பற்றையுமாக யாரோ ஒருவருடைய வளவு கிடைத்தது. ஏழாவது ஸ்லைட்டில் தன் வளவை நாடா பிடித்து அளந்து, நீள அகலத்தோடு வரைபடம் போட்டார். ‘இனிமேல்’ என்ற எட்டாவது ஸ்லைட்டுக்குத்தான் நாலு நாள் தேடினார். கடைசியில் அகப்பட்டது: பரந்த பச்சைப் புல், ஓரத்தில் ரோசாச் செடிகள், பின்னால் தாழ்வான செங்கல் மதில். ஒரு மனிதர் இல்லை. பார்த்தவுடனேயே அவருக்கு மனம் ஆறிப்போனது. மூலையில் ஏதோ பொடி எழுத்து மட்டும் கண்ணை உறுத்தியது. அதன்மேல் ஒரு மஞ்சள் பெட்டியை வைத்து, ‘நிம்மதி’ என்று எழுதி மறைத்தார்.

சனிக்கிழமை பின்னேரம் மடிக்கணினியை ரீவியில் கொழுவி, நிரஞ்சினியைச் சோபாவில் இருத்தினார். அவள் வேலை செய்வது வயோதிபர் இல்லத்தில். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் கிழடுகளுக்குப் பழைய படங்கள் போட்டு ஸ்லைட் செய்கிறவள் அவள்தான் என்பது கேதீஸ்வரனுக்கு ஏனோ அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை.

முழுவதையும் அவள் குறுக்கே பேசாமல் பார்த்தாள். இதுவே அவரைக் கொஞ்சம் பயப்படுத்தியது. முடிந்ததும் எட்டாவதுக்குத் திரும்பிப் போகச் சொன்னாள்.

“வடிவான இடம். எங்கயப்பா இது?”

“வெப்பில எடுத்தனான்.”

“வெப்பில புல்லு முளைக்குமே? எந்த ஊர்?”

“இங்கிலாந்துப் பக்கமா இருக்கும்.”

“அந்த மஞ்சள் பெட்டி என்னத்துக்கு?”

“அது... நிம்மதி.”

அவள் எழும்பி வந்து, மடிக்கணினியின் எலியைப் பிடித்து, பெட்டியைப் பக்கத்தில் இழுத்துவிட்டாள். கேதீஸ்வரன் கண்ணாடியை மூக்கில் தள்ளி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அது ஒரு சுடலையின் பெயர். சிட்னியிலேயே, அரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருப்பது.

“போன மாசி மாதம் மகாதேவன் அங்கிளை எரிக்க நாங்கள் ரெண்டு பேரும் போனனாங்கள்தானே,” என்றாள் நிரஞ்சினி. “அந்த மதிலில இருக்கிறது செங்கல் இல்லையப்பா. ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒவ்வொருத்தற்ற சாம்பல். கதிரை எந்தக் கரையில போடப் போறியள்?”

கேதீஸ்வரன் விடவில்லை. படம்தான் பிழை, கருத்துச் சரி என்றார். இந்த வளவு தன் முதுகை முறிக்கிறதென்றும், விருப்பமில்லாத வேலையை ஒரு மனிதன் எத்தனை வருடம்தான் செய்வானென்றும் கேட்டார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது அவருக்கே நியாயமாகப் பட்டது.

அவள் மடிக்கணினியைத் தன் மடியில் வைத்தாள். இரண்டு நிமிடம் இருக்கும். ரீவியில் பதின்மூன்றாவது ஸ்லைட் வந்தது. அதிலும் வெப் படம்தான், கோயில் சபையின் பக்கத்திலிருந்து எடுத்தது. போன வருட அன்னதானத்தன்று, ஆளுயரப் புடோலங்காய் ஒன்றை மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேதீஸ்வரன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். படத்துக்குக் கீழே அவர் சபைக்குச் சொன்னதை அப்படியே போட்டிருந்தார்கள்: ‘முழுக்க என் கை உழைப்பு. தோட்டம்தான் என் உயிர். மனைவியைக் களை பிடுங்கவும் விடுவதில்லை. அடுத்த வருடம் இரண்டு மடங்கு தருவேன்.’

“எங்கயிருந்து எடுத்தது எண்டு கீழ எழுதியிருக்கிறன்,” என்றாள். “கஜந்தி அப்பிடித்தானே செய்யச் சொன்னவள்.”

கேதீஸ்வரன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஆளை அவருக்கு மறுக்க வழி தெரியவில்லை. அன்றைக்கு அதைச் சொல்லும்போது நிரஞ்சினி பக்கத்தில் சோற்றுக் கரண்டியோடு நின்றவள். ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று இப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, மதில் ஓரமாக இரண்டாவது புடோலங்காய்ப் பந்தலுக்குக் குழி தோண்டினார். ஏழாவது ஸ்லைட்டில் நீள அகலம் எல்லாம் இருந்தபடியால், நிரஞ்சினிக்கு வளவை அளக்கிற வேலை மிச்சம்.