வாகன வளையத்துள் ஹவ்லிசெக் அம்மையார் முனைவரான படலம்

செம்மஞ்சள் மேலங்கியே கவசமாக, கழுத்தில் தொங்கும் ஊதலே வெண்சங்காக, ஊரிலுள்ள அப்பன் ஆத்தாள் அனைவரையும் ஒரு கையசைப்பில் நிறுத்தி மறு கையசைப்பில் நகர்த்தி, நெப்ராஸ்காச் சோளநாட்டின் நடுநிலைப் பள்ளியொன்றைக் கண்ணிமை போல் காத்துவந்த துணைத் தலைமையாசிரியை, சண்டைக்கென்றே வரும் பெற்றோரையும் முறுவல் ஒன்றாலேயே முறியடித்த மறத்தி, லோரெட்டா ஹவ்லிசெக் வாழ்க. அவள் கொற்றம் வாழ்க, அவள் ஊதல் வாழ்க. பள்ளித் தலைமையும் நிர்வாகமும் என்னும் பெருந்துறையில் முனைவர் பட்டம் வேட்டு அவள் ஆற்றிய கடும்போரைப் பாடப் புகுகின்றோம்; கலைமகளே, எம் நாவில் வந்தமர்க, வரும்போது கம்பளி போர்த்தி வருக. அங்கே குளிர் அதிகம்.

எட்டாண்டுத் தவம் அது. சனிக்கிழமைதோறும் பிறர் புல்வெட்டவும் கால்பந்து காணவும் போக, அவளோ ஊரின் மறுகோடியிலிருந்த பல்கலைக்கழகம் புகுந்து, ‘தொலைநோக்கு’, ‘பங்கேற்பு’, ‘கட்டமைப்பு’ என்னும் முப்பெரும் மந்திரங்களை முன்பின்னாக மாற்றியடுக்கும் வித்தை பயின்று, நெறியாளர் சிவப்பு மையால் கிழித்த விழுப்புண்களைப் பக்கந்தோறும் தாங்கி, ‘பகிர்ந்த தலைமையின் வழியே பள்ளி விடும் நேரத்து வாகன வரிசையைச் சீர்செய்தல்’ என்னும் தலையணைப் பருமன் ஆய்வேட்டை ஈன்றெடுத்தாள். வாய்மொழித் தேர்வு ஒன்றே பாக்கி. அதுவும் அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் தொடங்காவிட்டால் கெடு முடிந்து, எட்டாண்டும் குப்பைக்குப் போய்விடும்.

அந்நாள் புலர்ந்தது. தேர்வுக்கு வரும் மாணவர் தேர்வாளருக்குத் தின்பண்டம் கொண்டுவருவது அந்நாட்டு வழக்காதலின், பிளம் பழப் பாகு நடுவே மினுங்கும் கோலாச்சி ரொட்டிகளைத் தன் கையால் சுட்டு, பெட்டியிலடுக்கிக் காரின் முன்னிருக்கையில் வீற்றிருக்கச் செய்தாள் நாயகி. இரண்டேகாலுக்குக் கிளம்புவதாகத் திட்டம். விதியோ லேமினேஷன் இயந்திரத்தின் வடிவில் வந்தது. அதை முதலில் தொட்டது யாரென்று இரண்டு ஆசிரியைகள் கொதித்தெழ, இருவரையும் ஆளுக்கொரு நாற்காலியில் அமர்த்தி, அழவைத்து, கட்டிப்பிடிக்கவும் வைத்துவிட்டு அவள் வெளியே ஓடிவந்தபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது.

ஐயகோ, வாகன வளையம் மூடிவிட்டது. அவள் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் படத்தோடு போற்றிப் புகழ்ந்த அதே வளையம். ஆசிரியர் வண்டிகள் நிற்கும் திடலைப் பாம்பு போல் இருமுறை சுற்றி, கடைசிப் பிள்ளை ஏறும்வரை ஓர் ஈயும் வெளியேற வழியில்லாதபடி அவள் வகுத்த பெருவியூகம். போதாக்குறைக்கு அவ்வாண்டின் முதற்பனி பொழிய, வழக்கமாகப் பேருந்தில் போகும் பிள்ளைகளின் பெற்றோரும் காரெடுத்து வந்துவிட்டனர். முற்றுகை முழுமையானது. நடந்தே போனாலோ அந்தப் பனியில் ஒரு மணி நேரம் ஆகும்.

காரிலேறி அவள் வந்து நின்ற திடலின் வாயிலில், ஆரஞ்சுக் கூம்பொன்றைக் கதாயுதமெனத் தரையில் ஊன்றி நின்றான் உடற்பயிற்சி ஆசிரியன் டுவெய்ன் ப்ரூனிங்.

“டுவெய்ன், கூம்பை எடு. மூணு மணிக்கு எனக்கு வைவா.”

“எடுக்க முடியாது மேடம். கவர்னரே வந்தாலும் விடக் கூடாதுன்னு ஆகஸ்ட் மீட்டிங்ல நீங்கதானே சொன்னீங்க.”

“இது அவசரம்.”

“அவசரம்னா என்ன பண்றதுன்னு அன்னிக்கே கேட்டேன். முன்கூட்டியே திட்டம் போட்டுக்கோன்னீங்க.”

நாயகி பெட்டியைத் திறந்து ஒரு கோலாச்சியை நீட்டினாள். டுவெய்ன் வாங்கித் தின்றான். இரண்டாவதையும் தின்றான். கூம்பு மட்டும் அசையவில்லை.

“வெளிய போக ஒரே வழிதான். பின்னாடி போய் நீங்களும் வரிசையில சேர்ந்துக்கோங்க” என்றான், வாயைத் துடைத்துக்கொண்டு.

சேர்ந்தாள். தான் வகுத்த வியூகத்துள் தானே நுழைந்தாள், வெளியேறும் வழியும் தானே அடைத்தவள். வரிசையின் தலைமாட்டில் நின்ற கறுப்பு பிக்கப் வண்டிக்காரியோ, இறங்கக் கூடாதென்னும் பெருவிதியைக் காலால் எற்றி, மகனின் கணக்கு மதிப்பெண் பற்றி வகுப்பாசிரியையிடம் நியாயம் கேட்கப் போய்விட்டாள். இனி விடிந்தமாதிரிதான்.

மூன்றாகச் சில நிமிடங்கள் இருக்கையில் நெறியாளருக்குக் கைப்பேசியில் அழைத்தாள். “இருக்கிற இடத்துலேர்ந்தே முகம் காட்டிப் பேசும்மா, அதுக்கு விதி இருக்கு. மூணுக்குத் தொடங்கினா சரி” என்றார் அவர். கைப்பேசியை ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்தாள். திரையில் தேர்வாளர் மூவரும் தேநீர்க் கோப்பைகளோடு தோன்றினர். அவர்களுள் நடுநாயகமாக அமர்ந்திருந்தார், மாணவர் பலரின் முனைவர்க் கனவை மூக்குக்கண்ணாடியை ஒருமுறை கழற்றி மாட்டியே கொன்றொழித்தவரெனப் பேர்பெற்ற பேராசிரியர் ஆஸ்டர்கார்ட்.

“எங்கேர்ந்து பேசுறீங்க லோரெட்டா?” என்றார்.

“ஆய்வுக் களத்துலேர்ந்து சார்.”

பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான்.

தொடங்கிற்று சொற்போர். கேள்விக்கணைகளை விடைக்கணைகளால் தடுத்தும், ‘பங்கேற்பு’ என்னும் கேடயத்தால் மார்பை மறைத்தும், முன்னிருந்தவன் இடைவெளியை நெருக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தபோதெல்லாம் பேச்சை விடாமலே வண்டியை நகர்த்தியும் நாயகி நின்று பொருதாள். அப்போது ஆஸ்டர்கார்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

“தலைப்பு ‘பகிர்ந்த தலைமை’. சரி. இந்த வளையத்தை வரையிறதுக்கு முன்னாடி ஆசிரியர்கள்ல யாரைக் கேட்டீங்க?”

மந்திரங்கள் மூன்றும் அவள் நாவின் நுனிவரை வந்தன. வெளியே கறுப்பு வண்டிக்காரி இன்னும் திரும்பவில்லை. டுவெய்ன் பனியில் நின்று ஊதல் ஊதிக்கொண்டிருந்தான். யாரோ மறுபடி ஹார்ன் அடித்தார்கள். எட்டாண்டில் முதன்முறையாக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“யாரையும் கேக்கல சார். கோடை லீவுல வீட்டுச் சமையல் மேசையில உக்காந்து நானே வரைஞ்சேன். ஒருத்தன் கேள்வி கேட்டான், வாயை அடைச்சிட்டேன். இப்ப நான் வரைஞ்சதுக்குள்ளயே மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

திரையில் மூவரும் கலந்து பேச வேண்டும், காத்திருங்கள் என்று சொல்லி மறைந்தனர். வெறும் திரையைப் பார்த்தபடி நாயகி தன் எட்டாண்டையும், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் படிந்த பனியையும் மாறி மாறி நோக்கினாள்.

டுவெய்ன் கண்ணாடியைத் தட்டினான். “அந்த பிளம் வச்சது இன்னொண்ணு கிடைக்குமா மேடம்?”

கொடுத்தாள். பெட்டியோடு கொடுத்தாள்.

திரை ஒளிர்ந்தது. ஆஸ்டர்கார்ட் கண்ணாடியை மாட்டியிருந்தார். “இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே கடைசி அத்தியாயத்துல எழுதுங்க. அந்த ஏட்டுல உருப்படியான பத்தி அது ஒண்ணாத்தான் இருக்கும். வாழ்த்துகள், முனைவர் ஹவ்லிசெக்.”

ஆகா, அக்கணத்தில் முரசுகள் முழங்கின, திசையானைகள் பிளிறின, விண்ணவர் தூவிய வெண்மலர் பனியெனச் சொரிந்து காரின் கூரையை மூடிற்று. முழங்கியதும் பிளிறியதும் பின்னாலிருந்த ஹார்ன்கள்தாம் என்பாரும் உளர். நாயகியின் கண்கள் நிறைந்தன. மறுபடியும் கண்ணாடியைத் தட்டியது ஒரு கை.

“மேடம், கறுப்பு வண்டி போயிடுச்சு, முன்னாடி இடம் இருக்கு பாருங்க, வண்டிய எடுங்க.”

“டுவெய்ன், இனிமே நான் முனைவர்.”

“ரொம்ப சந்தோஷம் முனைவர். வண்டிய எடுங்க.”

லோரெட்டா வண்டியை ஒரு கார் தூரம் முன்னால் நகர்த்தினாள்.