வாக்கிடாக்கியில் வந்தவள்

கோவில்பட்டியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் பூவனநாதன் அண்ணாச்சி, ஒரு சனிக்கிழமை ராத்திரி கடையின் ஷட்டரை இறக்கும்போதே அந்த முடிவையும் எடுத்துவிட்டார். இனி ஞாயிற்றுக்கிழமை தனக்கு மட்டும்தான் சொந்தம். அதில் யாருக்கும் பங்கு கிடையாது. பங்கு கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர் மனைவி காளீஸ்வரி.

ஞாயிறு என்றால் அண்ணாச்சிக்குக் குருமலைப் பக்கம் செல்வகணேஷின் காடு. காடு என்றதும் யானையைத் தேட வேண்டாம். இந்தப் பக்கம் கரிசல் நிலத்தைத்தான் காடு என்போம். செல்வகணேஷ், தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் விஜயராஜ், அண்ணாச்சி என மூன்று பேர். ஒரு நாட்டுக்கோழி, ஒரு வேப்பமரம், அதற்குக் கீழே ஒரு தூக்கம். அந்த நேரத்தில் கடையைப் பார்ப்பது காளீஸ்வரி. பார்த்துக்கொண்டே போனும் போடுவாள்.

“ஏங்க, மூடி வச்ச டிரம்மு எங்கன இருக்கு?”

“ஏங்க, பச்சைக் குடத்தைக் கொறச்சிக் கேக்காவ, குடுக்கட்டா?”

கோழிக்கால் வாய்க்கருகே போகும் நேரம் பார்த்து மணி அடிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் அவள் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“நானும் ரெங்கம்மாக்காவும் ஒரு ஞாயித்துக்கெழமை அந்தக் காட்டுக்குப் போயிட்டு வாரோம். கடையை நீங்க பாத்துக்கிடுங்க.”

ரெங்கம்மாள், செல்வகணேஷின் மனைவி. அவளுடைய புருஷன் காட்டுக்கு அவள் போகக் கூடாது என்று எப்படிச் சொல்வது? அண்ணாச்சிக்கு வியர்த்தது. வியர்த்த இடத்தில் ஒரு பேய் பிறந்தது.

“அங்கனயா? ஏட்டி, அது பொம்பளைக போற எடமில்ல,” என்று குரலைத் தாழ்த்தினார். “பருத்தி எடுக்க வந்த ஒருத்தி, உச்சி வெயில்ல நாக்கு வறண்டு விழுந்துட்டா. தண்ணி, தண்ணின்னு ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கா. யாரும் வரல. அதோட சரி. இப்பவும் உச்சிப்பொழுதுக்குப் பேரு சொல்லிக் கூப்பிடுதா. ரெண்டே தடவை. பதில் சொன்னவன் வீடு வந்து சேந்ததில்ல.”

“மூணாவது தடவை கூப்பிட மாட்டாளா?”

“மாட்டா. மூணாவது தடவை கூப்பிட்டா அது மனுசன். அதுக்குப் பெறவுதான் ஏன்னு கேக்கணும்.”

காளீஸ்வரி கண்ணை இமைக்காமல் கேட்டாள். “பாவம்” என்றாள். அரிசி களையப் போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். புருஷன்மார் இப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கதை நிற்க வேண்டுமே என்று நண்பர்களிடமும் அதைச் சொல்லி வைத்தார். சொல்லச் சொல்ல அதற்குக் கை கால் முளைத்தது. அவளுக்குக் கிழிந்த மடி வந்தது, மடியிலிருந்து பஞ்சு சிந்தியது, அவள் பேரைச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது, தெரிந்தவர் குரலிலும் கூப்பிடுவாள் என்பதும் வந்தது. விஜயராஜ் அதற்குப் பிறகு தனியாக ஓடைப்பக்கம் ஒதுங்கப் போகவில்லை. கடைசியில் அண்ணாச்சிக்கே பின்கழுத்தில் லேசாகச் சில்லிட்டது.

மிச்சம் இருந்தது போன்தான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என்று மூவரும் பேசி முடித்தார்கள். காட்டில் ஆளுக்கொரு பக்கம் போனால் எப்படிக் கூப்பிடுவது? வாக்கிடாக்கி வாங்குவது என்று ஆயிற்று. செல்போன் சாமான் விற்கும் செல்வக்குமாரின் கடைக்கு அண்ணாச்சி போனபோது, தன் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டும் என்று காளீஸ்வரியும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

செல்வக்குமார் மூன்று தினுசு எடுத்துப் போட்டான். ஒன்று பிள்ளைகள் விளையாடுவது. இடையில் ஒரு சுவர் வந்தால் ஊமையாகிவிடும். ஒன்று காற்றாலைக்காரர்கள் வைத்திருப்பது போல் கனமானது; அதற்கு லைசென்ஸ் வேண்டும், விலையும் கையைக் கடிக்கும். நடுவில் இருந்தது சுமாரானது. லைசென்ஸ் வேண்டாம், சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், தலையில் ஒரு டார்ச்சும் உண்டு.

அண்ணாச்சி டார்ச்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டது காளீஸ்வரி.

“தம்பி, பெட்டியில பத்துக் கிலோமீட்டர்னு போட்டிருக்கே. நெசமாவா?”

“அது மரம், கட்டடம் எதுவும் இல்லாத எடத்துலக்கா. நம்ம காட்டுல ரெண்டு, மூணு போகும். கோவில்பட்டியில இருந்து பேசுனா குருமலைக்குக் கேக்காது.”

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது.

“ஒருத்தர் பேசுனா மத்த எல்லாத்துலயும் கேக்குமா?”

“ஒரே பெட்டியில உள்ளது எல்லாத்துலயும் கேக்கும். ஆனா குரலு கொஞ்சம் மாறித்தான் வரும். சின்ன ஸ்பீக்கர்லா. அடையாளம் தெரியாது.”

“பெட்டியில நாலு இருக்கே. இவுக மூணு பேருதான?”

“நாலா வாங்குனா வெலை தணியும்கா.”

“நாலாவே வாங்குங்க,” என்றாள் காளீஸ்வரி. “ஒண்ணு கெட்டா ஒண்ணு ஆகும்.”

பொண்டாட்டியே எடுத்துக் கொடுக்கிறாள் என்று அண்ணாச்சி பூரித்தார். நாலாவதைக் கடை மேசை டிராயருக்குள் போட்டுவிட்டு, ஞாயிறு காலை மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பங்குனி மாசம். பருத்தி எடுத்து முடிந்த காடு வாயைப் பிளந்து கிடந்தது. வெடிப்புக்குள் கைவிட்டால் முழங்கை வரைக்கும் போகும். பருத்திமார், அதாவது பிடுங்கிப் போட்ட காய்ந்த பருத்திச்செடி, அங்கங்கே குவியலாகக் கிடந்தது. அண்ணாச்சி வேப்பமரத்தடியில் கல் கூட்டிக் கோழியை ஏற்றினார். செல்வகணேஷ் காட்டின் கடைசியில் இருக்கும் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான். விஜயராஜ் பருத்திமார் பொறுக்க ஓடைப்பக்கம் போனான். உச்சிப்பொழுதுக்கு இன்னும் நேரம் இருந்ததும், கையில் வாக்கிடாக்கி இருந்ததும் கொடுத்த தைரியம்.

“அண்ணாச்சி, அண்ணாச்சி, வெறகு போதுமா? ஓவர்.”

“போதாதுலே. இன்னும் ஒரு கட்டு. ஓவர்.”

“கோழி வெந்துட்டா? ஓவர்.”

“ஒங்க ரெண்டு பேருக்கும் எலும்புதாம்லே. ஓவர்.”

மூன்று பேருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம். போன் இல்லை, டிரம் இல்லை, பச்சைக் குடம் இல்லை.

சூரியன் உச்சிக்கு வந்தது. அண்ணாச்சியின் நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. காற்று நின்றது. அடிவானத்தில் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கையை விரித்தபடி அப்படியே நின்றன. அதுவரை அகவிக்கொண்டிருந்த மயிலும் வாயை மூடிக்கொண்டது. கரிசல் மேல் கானல் ஓடியது. அதற்குள் தூரத்துக் குவியல் ஒன்று எழுந்து நின்றது போல இருந்தது. அண்ணாச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். குவியல்தான்.

வாக்கிடாக்கி செட்டு கரகரத்தது. யாரோ பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

“விஜயராஜு, வெளையாடாத. ஓவர்.”

பதில் இல்லை. மூச்சு நின்றது. பிறகு வந்தது.

“பூவனநாதா...”

பொம்பளைக் குரல். வறண்டுபோன, தரையோடு இழுபட்டு வருகிற குரல். அண்ணாச்சியின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

கோவில்பட்டியில் இருந்து கேட்காது என்று செல்வக்குமார் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு இனித்த அதே சொல் இப்போது கசந்தது. அப்படியானால் இது பக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய வரை ஒரு ஆள் கிடையாது. ஓடைக்கரையில் வேலிக்கருவைப் புதர் மட்டும் அசையாமல் நின்றது.

“பூவனநாதா...”

ரெண்டு தடவை ஆகிவிட்டது. அண்ணாச்சி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மூணாவது தடவை கூப்பிடு தாயே, கூப்பிட்டுவிடு, நீ மனுஷியாக இருந்துவிடு என்று நெஞ்சுக்குள் மன்றாடினார். கூப்பிடவில்லை. கோழி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. தானே கட்டிவிட்ட கதைக்கு இப்படி வாய் வரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. ஒருவேளை அவர் கட்டவில்லையோ? ஏற்கெனவே இங்கே இருந்தவளைத்தான் அறியாமல் சொல்லிவிட்டாரோ?

“செல்வகணேசு...” இது வேறு மாதிரி இழுத்தது. “செல்வகணேசு...” பிறகு “விஜயராஜு... விஜயராஜு...” எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை. அதன் பிறகு, மிகவும் பக்கத்தில், களைத்துப்போய்,

“தண்ணி...”

அண்ணாச்சி பொத்தானை அமுக்கினார். “விஜயராஜு!” பதில் இல்லை. “விஜயராஜு!” பதில் இல்லை. மூன்றாவது தடவைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேய் தெரிந்தவர் குரலில்தான் வரும் என்பதால், விஜயராஜ் பருத்திமார்க் குவியலுக்குப் பின்னால் கண்ணை மூடிக் குந்தியிருந்தான். கிணற்றடியில் செல்வகணேஷும் அப்படியே. மூன்று பேர் கையிலும் கூப்பிடுவதற்கென்றே வாங்கிய கருவி. மூவரும் மாற்றி மாற்றி ரெண்டு தடவை கூப்பிட்டார்கள். ஒருவனும் பதில் சொல்லவில்லை.

கடைசியில் மூவரும் வண்டி நின்ற இடத்தில்தான் மோதிக்கொண்டார்கள்.

“மூணாவது தடவை கூப்பிட்டாளா அண்ணாச்சி?”

“இல்லலே.”

 கோழி அடுப்பிலேயே கிடந்தது. ஒரு பைக்கில் மூன்று பேர் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

கடை பூட்டியிருந்தது. வீட்டில் காளீஸ்வரி இல்லை. அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீற்றை அப்பிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். கதவு காற்றில் ஆடினால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. வெயில் தாழ்ந்த பிறகு வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. காளீஸ்வரி ஒரு சட்டியைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“கோழியை அடுப்புல போட்டுட்டு இப்படியா ஓடி வருவாக? நல்லவேளை, அடி பிடிக்கல. உப்புதான் கம்மி.”

அண்ணாச்சி சட்டியைப் பார்த்தார். அவள் இடுப்பில் செருகியிருந்த நாலாவது செட்டைப் பார்த்தார். பச்சை விளக்கு மினுக் மினுக்கென்றது. பயம் போய்க் கோபம் வந்தது.

“ஏட்டி! நீயா? நீதானா? கடையை அடைச்சிட்டு அங்கன வந்து கூப்பிட்டது நீதானா?”

“பேயி இருக்க எடத்துல புருசன் தனியா இருக்காரேன்னு பதறிக்கிட்டு வந்தேன். அது தப்பா? அங்கன கூப்பிடுதது அந்தப் பருத்திக்காரிலா? நீங்கதான சொன்னீங்க. இப்ப என்னையச் சொல்லுதீங்க. அப்ப அங்கன அவ இல்லையா?”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். இருக்கிறாள் என்றால் இனிமேல் தானும் காட்டுக்குப் போக முடியாது. இல்லை என்றால் காளீஸ்வரி கிளம்பிவிடுவாள். சேதம் குறைவானதைப் பிடித்தார்.

“இல்லட்டி. ஒருத்தியும் கெடையாது. நானாக் கட்டின கதை. போதுமா?”

“போதும். அப்ப அடுத்த ஞாயிறு நாங்க போறோம்.”

“போ. நானும் வாரேன். கடை அடைச்சிக் கெடக்கட்டும்!”

ஜெயித்துவிட்டோம் என்று அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். காளீஸ்வரி சட்டியை இறக்கி வைத்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

“வாங்க. ஆனா ஒண்ணு கேக்கட்டா? கூப்பிட்டவ உங்களை எப்படிக் கூப்பிட்டா?”

“பேரு சொல்லித்தான்.”

“கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து என் வாயில உங்க பேரு வந்திருக்கா?”

அண்ணாச்சி யோசித்தார். வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் புருஷன் பேர் கேட்டால் ஆதார் கார்டை நீட்டுவாள். கடை போர்டில் அவர் பேர் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. அதையே ‘நம்ம கடை’ என்பாள். சண்டையில் அவருடைய பரம்பரையையே இழுப்பாள், பேரை மட்டும் தொட மாட்டாள்.

“கருப்பசாமி மேல சத்தியமாச் சொல்லுதேன். உங்க பேரை நான் சொல்லல.”

அவள் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தணிந்திருந்த வியர்வை மறுபடியும் துளிர்த்தது.

நமக்குள் இருக்கட்டும். ஓடைக்கரைப் புதருக்குள் இருந்தது ரெண்டு பேர். பூவனநாதன் பேரைக் கூப்பிட்டது ரெங்கம்மாள். மற்ற ரெண்டு பேரையும் காளீஸ்வரி பார்த்துக்கொண்டாள். அவரவர் புருஷன் பேரை அவரவர் சொல்லவில்லை; யார் கற்புக்கும் குறைவில்லை. தண்ணி கேட்டது மட்டும் திட்டத்தில் இல்லாதது. வெயில் தாங்காமல் ரெங்கம்மாள் பாட்டிலைக் கேட்டபோது, காளீஸ்வரி பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டாள். இதையெல்லாம் அண்ணாச்சி கேட்கவில்லை. காளீஸ்வரியும் சொல்லவில்லை.

“அப்ப... யாருட்டி?”

“அதான் எனக்கும் தெரியல.”

“நீயும் போகாண்டாம்.”

“என்னைய எதுக்கு? அவ கூப்பிட்டது உங்க மூணு பேரைத்தான?”

அண்ணாச்சி இன்னும் ஒரு பிடி திருநீற்றை எடுத்து அப்பிக்கொண்டார். பிறகு, ரொம்பப் பெருந்தன்மையான குரலில், “ஞாயித்துக்கெழமை யாவாரத்தை விடக் கூடாதுட்டி. நான் கடையைப் பாத்துக்கிடுதேன்,” என்றார்.

அடுத்த ஞாயிறு காலையில் காளீஸ்வரி, ரெங்கம்மாள், இன்னும் ரெண்டு சேக்காளிகள் என நாலு பேர் இடுப்பிலும் ஆளுக்கொரு செட்டு. முந்தின நாள் ராத்திரி நாலுக்கும் சார்ஜ் போட்டு வைத்தது அண்ணாச்சிதான். ஸ்கூட்டியைக் கிளப்பிய காளீஸ்வரி, கல்லாவில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

“உச்சிக்குத் தனியா இருக்காதீங்க, என்ன? பயமா இருந்தா பக்கத்துக் கடை கற்பகத்தைத் தொணைக்கு வந்து உக்காரச் சொல்லியிருக்கேன்.”