குழம்பின சம்பந்தமும் விட்டுவந்த செருப்பும்

முரசுமோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்பின் தங்கச்சி ராஜினிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நானும் உன் மச்சாளும் இரண்டு மாடுகளும் சுகம். கனடாவில் நீங்களும் சுகமாயிருக்க அவரையே வேண்டுகிறேன். என் மகள், உன் மருமகள் சிவதர்சினியும் சுகந்தான், எங்கள் சுகத்தைக் கெடுத்துக்கொண்டு. போனில் சொன்னால் நீ என்னைக் கதைக்க விடமாட்டாய். அதோடு வயல் செய்கிற கமக்காரர் அமைப்பில் பதினொரு வருடம் செயலாளராக இருந்தவனுக்கு எதையும் எழுத்தில் வைத்தால்தான் திருப்தி.

விடயம் என்னவென்றால், நீ பார்த்துத் தந்த நோர்வே மாப்பிள்ளையின் சம்பந்தம் குழம்பிவிட்டது. குழப்பியவள் உன் மருமகளேதான். முதலில் இருந்து சொல்கிறேன். நாலு வருடம் கம்பஸில் உளவியல் படித்து முடித்துவிட்டு வந்த கிழமையே அப்புத்துரை அண்ணை விடியவே படலையில் வந்து நிற்கிறார். தன்னுடைய எருமை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று பிள்ளை பார்த்துச் சொல்லட்டாம். மனதைப் படிக்கிற படிப்பென்றால் மாட்டின் மனமும் அதற்குள் அடங்கும் என்பது அவருடைய எண்ணம். அவள் தனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினாள். நாலாம் நாள் எருமை தானாக வந்தது, அவள்தான் வரவழைத்தாள் என்று ஊர் சொன்னது, நானும் மறுக்கவில்லை. அப்போது நான் அவளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தில், மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரையில் மனதுக்குள் இருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போய்ச் சேர்ந்ததோ கிளிநொச்சியில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒரு சின்ன நிலையத்தில். இரண்டு அறை, ஒன்பது பிள்ளைகள். மூன்று மாதமாகியும் ஒரு பிள்ளையாவது ஆனா ஆவன்னா எழுதவில்லை. என்னதான் படிப்பிக்கிறாய் என்று கேட்டேன். ஒரு பிள்ளை தாயின் கையை விட்டுவிட்டு இரண்டு நிமிடம் கதிரையில் இருந்ததாம். அந்தச் சந்தோசத்துக்கு ரோல்ஸ் வாங்கிவந்து எங்களுக்கும் தந்தாள். கையெல்லாம் நகக்கீறல். வயலில் அருவி வெட்டப் போகிறவள்கூட இவ்வளவு கீறலோடு வருவதில்லை. உன் மச்சாள் மஞ்சள் பூசிப் பூசி அழுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை நெளுக்குளத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் வந்தார்கள். வடை, கேசரி, புதுக் கப்புகள், எல்லாம் முறையாகத்தான் நடந்தது. தாய்க்காரி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டா. பதினாறு வருடமாக யார் கேட்டாலும் நான் சொல்கிறதைத்தான் சொன்னேன், இவள் ஒருத்திதான் என்று. தேத்தண்ணித் தட்டோடு வந்தவள் தட்டை மேசையில் வைத்தாள்.

"எனக்கொரு அண்ணா. ரஜிதன் எண்டு பேர். கதைக்கமாட்டார், நான் படிப்பிக்கிற பிள்ளையளை மாதிரி. இடம்பெயர்ந்து போகேக்கை விட்டிட்டம்."

தாய்க்காரி இது பரம்பரையில் வருமோ என்று கேட்டா. சில குடும்பங்களில் வரலாம் மாமி என்று இவள் ஒளிவுமறைவில்லாமல் விளக்கம் வேறு கொடுத்தாள். தேத்தண்ணி அப்படியே ஆறிப்போய் இருந்தது. பரந்தன் சந்தி தாண்டுவதற்குள் நடுவில் நின்ற தரகருக்கு, சம்பந்தம் வேண்டாமென்று போன் வந்துவிட்டது.

இதற்கொரு முடிவு கட்டுவதென்று நேற்று அந்த நிலையத்துக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வேலையை விடு என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், நிரோஜா என்று ஒரு பெட்டை, ஏழு வயதிருக்கும், வாசலில் கிடந்த செருப்பெல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவைத்திருக்கிறாள். என்னுடையது நடுவில். என் செருப்புத்தானே என்று இழுத்தேன். அவ்வளவுதான். அவள் கத்தின கத்தலும் நிலத்தில் தலையை மோதின மோதலும், கடவுளே. தர்சினி ஓடிவந்து பிள்ளையின் தலைக்கும் நிலத்துக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, செருப்பை இருந்த இடத்திலை வச்சிட்டுப் போங்கோ" என்றாள். வைத்துவிட்டு வந்தேன். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு முரசுமோட்டை வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். இரும்பு மிதி எப்படிச் சுடும் என்று கனடாவில் இருக்கிற உனக்குத் தெரியாது.

ஆகவே தங்கச்சி, நீ இன்றைக்கே அவளுக்குப் போன் எடுத்து வேலையை விடச் சொல். வங்கிக்கு விண்ணப்பம் போடச் சொல். நோர்வேக்காரரிடமும் பிள்ளை தெரியாமல் கதைத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால்தான் கேட்பாள்.

உனக்கும் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் குறையொன்றும் வராமலிருக்க வாழ்த்துகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள். மச்சாளும் உன்னை விசாரிக்கிறா.

இப்படிக்கு,
அண்ணன் கதிர்காமநாதன்
(முன்னாள் செயலாளர், கமக்காரர் அமைப்பு)

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டுத் திரும்பவும் திறந்திருக்கிறேன். இப்பதான் தர்சினி என் செருப்போடு வந்தாள். எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். செருப்பு, நடந்துபோகிற மனிசன், வீடு என்று மூன்று படம் கீறி நிரோஜாவுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினாளாம். கடைசியில் அந்தப் பிள்ளையே செருப்பைத் தூக்கி இவளுடைய கையில் தந்ததாம். "போறதுக்கு முதல் காட்டினா விளங்கும் அப்பா. திடீரெண்டு இழுத்தாத்தான் பயப்பிடுவினம்" என்றாள்.

ரஜிதன் சனத்துக்குள் கைதவறிப் போய்விட்டான் என்றுதான் உனக்குச் சொன்னனான். அது பொய். கடைசிச் சண்டைக்குள் மாத்தளனில் பங்கருக்கு வெளியில் வெறும் மீன்ரின் தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவனை, வெளிக்கிடடா என்று நான் இழுத்தனான். வரிசை குலைந்துவிட்டது. என் கையைக் கடித்துவிட்டு அதை அடுக்கத் திரும்பி ஓடினான். சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று. படம் கீற அங்கே மணல் கிடந்தது, தங்கச்சி. எனக்குத் தெரியாமல் போச்சு.

தர்சினிக்குப் போன் எடுக்காதே. நோர்வேக்காரருக்கு ஒன்றும் சொல்லாதே. மேலே எழுதியதெல்லாம் இரத்து. நீ சமாதான காலத்தில் கொண்டுபோன அல்பத்தில் ரஜிதனுடைய படம் இருக்கும், எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. பெரிதாக்கி அனுப்பு. இனி ஆர் கேட்டாலும் எனக்கு இரண்டு பிள்ளைகள்.

நாளைக்கும் நிலையத்துக்குப் போறன். செருப்பை நிரோஜாவின் வரிசையிலேயே விட்டுவிட்டு வரலாமென்று, திரும்பி வர இன்னொரு சோடியைப் பையில் வைத்திருக்கிறேன்.