பாட்டுக்குப் பதினாறு அடி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அருவிக்குப் போன கூட்டத்தைவிட ஓசைச் சித்தர் வாசலில் நின்ற கூட்டம்தான் பெரிது. கிராமபோன் வாங்கியவரெல்லாம் ஈரத்துண்டோடு அங்கே காத்துக் கிடந்தார்கள். பாட்டுப்பெட்டி வைக்கும் அறை எத்தனை அடி இருக்க வேண்டும், தரையில் என்ன கல் பாவ வேண்டும் என்று சித்தர் சொல்வார். அடி தப்பினால் பாட்டு கெடுமாம். பாட்டு கெட்டால் குடும்பம் கெடுமாம். அந்தக் கல்லும் அவரிடமே விலைக்குக் கிடைக்கும். எவ்வளவு வசதி பாருங்கள்.

தென்காசி அரிசி வியாபாரி பலவேசம் அவரை வில்வண்டியில் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். தெருவே பின்னால் வந்தது.

சித்தர் கோலால் அறையை அளந்தார். "பதினோரு அடி. சாவு அடி. பதினாறாக்கணும். இந்தச் சுவரை இடி."

சுவருக்கு அந்தப் பக்கம் பலவேசத்தின் அக்கா சங்கரம்மாளின் அறை. புருஷன் போனபின் அவள் ரவிக்கை தைத்துப் பிழைப்பது அங்கேதான். தையலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏலே, நான் எங்கன போவேன்?"

"தொழுவுல ஒரு ஓரமா இருந்துக்கோக்கா. குடும்பம் நல்லா இருக்கணும்லா."

அக்கா குடும்பத்தில் சேர்த்தி இல்லை போலும்.

சித்தர் வெறுந்தரையில் பெட்டியை வைத்து இசைத்தட்டைச் சுழல விட்டார். பாட்டு கரகரத்தது. பிறகு தம்முடைய நாதக்கல் நான்கைப் பரப்பி, பெட்டியை அதன்மேல் ஏற்றி, காவித்துண்டால் மூடி, உள்ளே கையை விட்டு மந்திரம் முணுமுணுத்தார். துண்டை எடுத்ததும் அதே பாட்டு தேனாக ஒழுகியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சங்கரம்மாள் போட்டுக்கொள்ளவில்லை. துண்டிலிருந்து ஏதோ உதிர்ந்ததைப் பார்த்துவிட்டுப் பொறுக்கினாள். இசைத்தட்டில் உரசும் கிராமபோன் ஊசி. நாளெல்லாம் ஊசி பிடிக்கிற விரலுக்கு, முனை மழுங்கியிருப்பது தெரியாதா? சத்தம் காட்டாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தம்பி, பெட்டியை அப்படியே தொழுவுக்குத் தூக்கு."

"எதுக்குக்கா?"

"நான் இருக்கப்போற இடம்லா. அங்கன எப்படிக் கேக்குதுன்னு பாத்துக்கிடுதேன்."

"தொழுவுல நாதம் நிக்காது தாயி" என்றார் சித்தர் அவசரமாக.

"நிக்கலைன்னா நானே சுவரை இடிக்கேன் சாமி."

சாணித் தரை, கோணல் சுவர், கல்லும் இல்லை, மந்திரமும் இல்லை. பாட்டு தேனாகவே ஒழுகியது. எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

பெட்டி மறுபடி நாதக்கல்லின் மேல் ஏறியது. எல்லாரும் பார்க்க, சங்கரம்மாள் புது ஊசியைக் கழற்றிவிட்டு முந்தானையில் இருந்ததை மாட்டினாள். பாட்டு தொண்டை கட்டிக் கதறியது.

"சாமி கல்லை மாத்தலைலே, ஊசியைத்தான் மாத்திருக்காரு."

சித்தர் கோலை மறந்துவிட்டுக் கிளம்பினார். அவ்வளவு வேகத்தை அதுவரை எவரும் அவரிடம் பார்த்ததில்லை. பலவேசம் தலையைக் குனிந்துகொண்டு, "சுவரு இருக்கட்டும்க்கா" என்றார்.

பக்கத்து வீட்டு மாடக்கண்ணு மெல்ல முன்னால் வந்தார். "நான் போன வாரம் அடுப்படியை இடிச்சிட்டேனே. இப்போ எத்தனை அடியில கட்டட்டும்?"

"உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க அண்ணாச்சி. சமைக்கது அவதானே" என்றாள் சங்கரம்மாள்.

பாட்டுக் கேட்கக் காது இரண்டு போதும் ஐயா. அவற்றுக்கு நடுவில் ஒன்று இருக்கிறதே, அதையும் எப்போதாவது பயன்படுத்திப் பாருங்கள்.